வெள்ளிக்கிழமை என்று நான் படித்த டிக்கெட்

என்றும் ஜன்னலோரம் உட்காரும் என் அப்பாவுக்கு,

பவித்ரா எழுதுகிறேன். இந்தக் கடிதம் எங்கள் பள்ளி ஆண்டு மலரில் வரப்போகிறது. அதனால் தமிழ் டீச்சர் படிப்பார், பத்தாம் வகுப்பில் எல்லாரும் படிப்பார்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் படிப்பார்கள். அம்மாவிடம் அனுமதி கேட்டேன். "எழுது. துபாய்க்கு வேலைக்கு ஆள் போயிருக்கிற நாலு வீட்டுக்காரங்க படிச்சா நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் முகத்தை எனக்குக் காட்டவில்லை.

முதலில் உங்களுக்குப் பிடித்த விஷயத்தைச் சொல்கிறேன். எந்த இரண்டு ஊரின் பெயரைக் கொடுத்தாலும் தூரத்தையும் விமானத்தில் போகும் நேரத்தையும் சொல்லும் இணையப் பக்கம் ஒன்றை நான் கண்டுபிடித்தது நினைவிருக்கிறதா? துபாய், சென்னை என்று போட்டேன். நான்கு மணி நேரம் என்றது. பிறகு விளையாட்டாக விழுப்புரம், திண்டிவனம் என்று போட்டேன். இரண்டு ஊரிலும் விமான நிலையம் கிடையாது என்பது அதற்குத் தெரியவில்லை. நேர்கோட்டில் முப்பத்தேழு கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்று நிமிடம் என்று சளைக்காமல் பதில் சொன்னது.

வீடியோ காலில் நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்கள் ரூமில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து வந்தார்கள். "பெல்ட்டு மாட்டறதுக்குள்ள எறங்கணும்டி பாப்பா! டீ குடுக்க வர்ற பொண்ணு நடுவழியிலயே நின்னுக்கினு இருக்கும்" என்றீர்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "மூணு நிமிசமா? அந்த ஏரோப்ளேனு எனக்கு வேணாம்பா. எனக்கு பஸ்ஸு போதும்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று நம் மூவருக்கும் தெரியும். படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் லீவில் வரும்போதெல்லாம் அம்மா வீட்டில் காத்திருக்க மாட்டாள். என்னைக் கூட்டிக்கொண்டு, டிபன் கேரியரோடு விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வந்துவிடுவாள். மேம்பாலத்துக்குக் கீழே நிற்போம். சென்னையிலிருந்து வரும் பஸ்ஸில் நீங்கள் மூன்று பேர் உட்காரும் சீட்டைப் பிடித்து வைத்திருப்பீர்கள். நீங்கள் ஜன்னலோரம், நான் நடுவில், அம்மா இந்தப் பக்கம். இட்லியும், மல்லாட்டை என்று நாம் சொல்லும் வேர்க்கடலைச் சட்னியும் விக்கிரவாண்டி வருவதற்குள் தீர்ந்துவிடும்.

ஒருமுறை கண்டக்டர், "விழுப்புரத்துலருந்து கெளம்பி இங்க வந்து, மறுபடி விழுப்புரத்துக்கே டிக்கெட் கேக்கறீங்களேம்மா, வீட்டுல வேலை இல்லியா?" என்று கேட்டார். "வீட்டுக்குப் போனா அப்புறம் இவரு ஊருக்கே சொந்தம். இந்த முக்கா மணி நேரந்தான் எனக்கு" என்று அம்மா சொன்னதும், அவர் உங்கள் பையைத் தானே எடுத்து மேலே வைத்தார். உண்மைதான். வீட்டு வாசலில் பெரியப்பா, அத்தை, தெருவில் பாதிப் பேர் நிற்பார்கள். தைலம், செண்ட், போர்வை என்று பெட்டியைச் சுற்றியே பொழுது போய்விடும். உங்கள் முப்பது நாள் லீவில் எங்களுக்கென்று கிடைத்தது இந்த முப்பத்தேழு கிலோமீட்டர்தான்.

நான் நான்காம் வகுப்பு படிக்கும்போது உங்கள் டிக்கெட்டைப் பார்த்துப் பெரிய சண்டை போட்டேனே, அது ஞாபகம் இருக்கிறதா? போகும்போது சென்னையில் பத்து மணிக்குப் புறப்பட்டு அங்கே பன்னிரண்டரைக்கு இறங்குகிறீர்கள். ஆக இரண்டரை மணி நேரம். வரும்போது மட்டும் ஐந்தரை மணி நேரம். "ஏம்பா, போறப்ப மட்டும் வேகமா கூட்டிக்கினு போறாங்க?" என்று அழுதேன். நீங்கள் திருத்தவில்லை. "ஆமா பாப்பா, எனக்கும் அப்படித்தான் தெரியுது" என்றீர்கள்.

ஏழாம் வகுப்பில் தீர்க்கரேகை பற்றிப் படித்த அன்று மாலையே உங்களுக்கு போன் செய்தேன். அங்கே கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, அதனால்தான் அந்தக் கணக்கு, பறப்பது இரண்டு பக்கமும் நான்கு மணி நேரம்தான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். அன்றைக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்தீர்கள். உங்கள் ரூமில் யார் டிக்கெட் எடுத்தாலும் படம் எடுத்து எனக்கு அனுப்புவீர்கள். நான் பார்த்து, எந்த நாள், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதி அனுப்புவேன். "எம்பொண்ணு பார்த்துட்டா அப்புறம் பேச்சே இல்ல" என்று நீங்கள் எல்லாரிடமும் சொல்வதாகச் செல்வம் சித்தப்பா சொல்வார். உங்களுக்குப் பக்கத்துக் கட்டில்காரர், விழுப்புரத்தை அடுத்த காணை கிராமத்திலிருந்து போனவர், கூடப் பிறக்காத தம்பி.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன், அப்பா.

போன வருடம் உங்கள் டிக்கெட் வந்தபோது நான் நூலகப் புத்தகம் ஒன்றின் கடைசி அத்தியாயத்தில் இருந்தேன். மறுநாள் திருப்பித் தர வேண்டும். போனை எடுத்து மேல் வரியை மட்டும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, 00.50 என்று இருந்தது. 'வெள்ளிக்கிழமை ராத்திரி அப்பா. சாயங்காலம் ஆறு மணிக்கு ரூமை விட்டுக் கிளம்புங்க. சனிக்கிழமை காலையில சென்னை' என்று எழுதி அனுப்பிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினேன். அடுத்த வரியில் சென்னையில் இறங்கும் நாளும் வெள்ளி என்றுதான் இருந்தது. அதைப் படித்திருந்தால் போதும். 00.50 என்றால் வியாழன் முடிந்து ஐம்பது நிமிடம். வியாழக்கிழமை மாலையே நீங்கள் கிளம்பியிருக்க வேண்டும்.

சித்தப்பா அந்த வாரம் வேறு இடத்தில் வேலைக்குப் போயிருந்தார். எட்டாம் வகுப்போடு நிறுத்திய நீங்கள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை நம்பினீர்கள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். புதுப் புடவை. மேம்பாலத்துக்குக் கீழே வந்து நின்றதும் என் கையிலிருந்த போன் அடித்தது. "பாப்பா, கொஞ்சம் ஓரமா வா" என்றீர்கள். தர்பூசணி வண்டிக்குப் பின்னால் போனேன்.

"ஃப்ளைட்டு நேத்தே போயிருச்சாம்டி. கவுன்ட்டர்ல இருந்த பொண்ணு என்ன ஒரு மாதிரி பார்த்துச்சு. பாவம், அதுக்கு நான் என்ன சொல்றதுன்னு தெரியல" என்று சிரித்தீர்கள். "அப்பா, நான்தான்..." என்றேன். "ஏய், அழாத. பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸு. இதுவும் அப்படித்தான். அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத. கம்பெனியில விடலன்னு நான் சொல்லிக்கிறேன். போன அவகிட்ட குடு."

இரவு முழுவதும் விமான நிலையத்தில் இருந்திருக்கிறீர்கள். எங்கே உட்கார்ந்தீர்கள்? ஏதாவது சாப்பிட்டீர்களா? யாரிடமாவது என்னைப் பற்றிச் சொன்னீர்களா? எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ள நேரம் இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கு அம்மாவும் நானும் கேரியரைத் திறக்காமல் திரும்பினோம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு, மூன்று வாரம் தள்ளி ஒரு நாளுக்கு இரண்டாவது டிக்கெட் எடுத்தீர்கள். அதையும் எனக்குத்தான் அனுப்பினீர்கள். 'பாப்பா, நீ பார்த்துச் சொன்னாத்தான் பொட்டி கட்டுவேன்' என்று உங்கள் குரல் இன்னும் போனில் இருக்கிறது. நான் அந்தப் படத்தைத் திறக்கவில்லை. நீங்கள் கேட்கும்போதெல்லாம், "பார்க்கறேம்பா" என்று சொல்லி போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். பயம், வெட்கம், இரண்டும். என்னை நம்பாதீர்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

டிக்கெட் எடுத்த பதினோராம் நாள் வேலை முடிந்து வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தீர்களாம். அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

நான்கு மணி நேரத் தூரத்தைக் கடக்க உங்களுக்கு ஒன்பது நாள் ஆனது. அந்தக் காகிதம் வர வேண்டும், இந்தக் கையெழுத்து வர வேண்டும் என்றார்கள். கடைசியில் விமான விவரம் மாமாவின் போனுக்கு வந்தது. "பவி, இங்க வாம்மா. எந்த நாளு, எத்தினி மணின்னு பார்த்து சொல்லு" என்று மாமா எல்லார் முன்னாலும் நீட்டினார். "எனக்குத் தெரியாது மாமா" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக் குழாயடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா படித்துச் சொன்னார். அம்மா என்னைப் பார்த்தாள்.

நீங்கள் வந்த நாளைப் பற்றியும் உங்களிடம் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்திருக்காது. மாமா விமான நிலையத்துக்குப் போயிருந்தார். காலையில் அம்மா எழுந்து செருப்பைப் போட்டாள். அத்தை மறித்து, "எங்கடி போற? இந்த நேரத்துல பொம்பள வீட்டோட இருக்கணும்" என்றார். "நான் எப்பவும் திண்டிவனத்துலதான் ஏறுவேன்" என்றாள் அம்மா. என் கையைப் பிடித்துக்கொண்டு வாசல் இறங்கினாள்.

மேம்பாலத்துக்குக் கீழே ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி, "பின்னால உக்கார முடியாதும்மா, குலுங்கும்" என்றார். "பரவாயில்லப்பா. இங்கருந்து நாங்க மூணு பேருந்தான் போவோம்" என்றாள் அம்மா. மாமா முன் சீட்டுக்குப் போய்விட்டார். அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் நீங்கள். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அம்மா குனிந்து டிரைவரிடம் சொன்னாள்: "மெதுவாவே போப்பா. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல." முக்கால் மணி நேரப் பாதையை அவர் ஒன்றே கால் மணி நேரம் ஓட்டினார். எல்லா லாரியும் எங்களைத் தாண்டிப் போயின. அவர் ஹாரன் அடிக்கவே இல்லை.

அது உங்கள் இரண்டாவது டிக்கெட்டின் தேதிக்கு முந்தைய நாள் என்று பின்னால்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு ஒரே பேச்சுதான். "மூணு வாரம் முன்னாடி விட்டிருந்தா மனுசன் எங்கிட்ட வந்திருப்பாரு. இங்க பெரியாஸ்பத்திரி இருக்குது, நான் இருக்கேன், பார்த்திருப்பேன். பாவி, லீவு குடுக்காத அந்த மேனேஜரு நல்லா இருப்பானா?" துணிக்கடை வேலைக்கு மறுபடி போக ஆரம்பித்த பிறகும் இதேதான். துக்கம் கேட்க வருகிற எல்லாரிடமும் சொல்வாள். நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். முகம் தெரியாத ஒருவர் என் பிழைக்குச் சாபம் வாங்கிக்கொண்டிருந்தார். உங்களுக்குக் கொடுத்த வாக்கு என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். அது வாக்கா, கோழைத்தனமா, அப்பா?

போன மாதம் செல்வம் சித்தப்பா அம்மாவின் போனுக்குத் தன் டிக்கெட்டை அனுப்பினார். உங்கள் பையைக் கொண்டுவருகிறார். 'பவி பார்த்துச் சொல்லட்டும் அண்ணி' என்று கேட்டிருந்தார். வியாழக்கிழமை, 00.40. மறுபடி அதே பூஜ்யங்கள்! இரண்டு நாள் பதில் எழுதவில்லை. "இன்னாடி, அவன் கேட்டுக்கினே இருக்கான். ஜல்தியா பார்த்து சொல்லேன். இதுல இன்னா பேஜாரு உனக்கு?" என்றாள் அம்மா.

நோட்டில் வரிசையாகக் கிழமைகளை எழுதி, நள்ளிரவுக்கு ஒரு கோடு போட்டு, நான்கு முறை பார்த்தேன். 'சித்தப்பா, புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரூமை விட்டுக் கிளம்புங்க. வியாழக்கிழமை சாயங்காலம் இல்லை. புதன்கிழமை' என்று எழுதினேன். அவர் குரலிலேயே பதில் அனுப்பினார்: "சரி பாப்பா. அண்ணன மாதிரி ஒரு நாள் கழிச்சி போயி நின்னுக்கினு இருக்க மாட்டேன்."

நல்ல வேளை, அம்மா அப்போது போனை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். சித்தப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. வந்ததும் பேச்சுவாக்கில் சொல்லிவிடுவார். அம்மா இதை வேறு ஒருவர் வாயால் கேட்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

சித்தப்பா வரும் நாளில் அம்மா கேரியரைக் கழுவினாள். "உங்கப்பா பொருளு வருது. திண்டிவனம் போலாம் வா" என்றாள். எனக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை வாசனை வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். வாசனை வந்து போய்விட்டது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றபோது வாயைத் திறந்தேன். பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா மாதுளம்பழம் என்ன விலை என்று கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டேரிப்பட்டும் போனது. திண்டிவனத்துக்கு இன்னும் பத்து நிமிடம்.

"அம்மா, அப்பாவ கம்பெனியில விடலன்னு சொன்னது பொய்ம்மா."

"இன்னா சொல்ற?"

"டிக்கெட்ட நான்தான் தப்பா படிச்சேன். வெள்ளிக்கிழமை ராத்திரின்னு சொல்லிட்டேன். ஃப்ளைட்டு அதுக்கு மொத நாளே போயிருச்சு. அப்பாதான் உங்கிட்ட சொல்ல வேணாம்னாரு."

அம்மா முன் சீட்டின் கம்பியைப் பிடித்தாள். திண்டிவனம் வரும்வரை விடவில்லை. இறங்கி நடந்து, மேம்பாலத்து நிழலில் நின்று, "தண்ணி குடு" என்றாள். பாதிப் பாட்டிலைக் குடித்தாள்.

"அவரு உன்னத் திட்டினாரா?"

"இல்லம்மா. சிரிச்சாரு."

"சிரிப்பாரு." பாட்டிலை மூடினாள். "அவரு இருந்தப்ப சொல்ல வேணாம்னாரு, சரி. அவரு போன பின்னால ஏன்டி சொல்லல?"

நான் கேரியரைக் கீழே வைத்தேன்.

"உம்மேல கோவமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்குது. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்றாள். பிறகு, "ஆனா இத்தினி மாசம் இத நீ ஒத்தையா வச்சிக்கினு, எம்பக்கத்துலயே சோறு தின்னுக்கினு இருந்திருக்கியே. அதான்டி எனக்கு ஆறல" என்று முந்தானையால் என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வலித்தது. கொஞ்ச நேரம் கழித்து அவளே, "அந்த மேனேஜரு யாரு பெத்த புள்ளையோ. நான் வுட்ட சாபத்துக்கு அவனுக்கு விக்கலே நின்னிருக்காது" என்றாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவளுக்கும்தான்.

சித்தப்பாவின் பஸ் வந்தது. அவர் பின் சீட்டுக்குப் போய்விட்டு, தான் இருந்த மூன்று பேர் சீட்டை எங்களுக்கு விட்டார். நான் வழக்கம்போல நடுவில் உட்காரப் போனேன். அம்மா என் தோளைத் தள்ளி, "உள்ள போ" என்றாள். ஜன்னலோரம், அப்பா. உங்கள் இடம். நடுவில் உங்கள் பையை வைத்தாள்.

பையில் இரண்டு சட்டை, சவரப்பெட்டி, எனக்கு வாங்கிய பேனா பாக்ஸ். அடியில் மடித்த ஒரு காகிதம். இரண்டாவது டிக்கெட்டின் பிரின்ட். போனில் நான் இறக்காமல் விட்ட அந்தப் படம், நாளாகிவிட்டதால், இப்போது தொட்டாலும் திறப்பதில்லை. சித்தப்பா எட்டிப் பார்த்து, "அதுவா? பகல் ஃப்ளைட்டுதான் வேணும்னு டிக்கெட் போடற ஆபீஸ்ல போயி நின்னாரும்மா உங்கப்பா. ராத்திரி ஃப்ளைட்டுன்னா புள்ள பயப்படும்னாரு" என்றார்.

அம்மா அந்தக் காகிதத்தை வாங்கி, பிரித்து, என் மடியில் வைத்தாள். "படி" என்றாள். "உங்கப்பாவுக்குப் பதில் சொல்லு." பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டிக்கொண்டிருந்தது. எழுத்துகள் மிதந்தன. ஆனாலும் இந்த முறை எல்லா வரிகளையும் படித்தேன்.

பார்த்துவிட்டேன், அப்பா. தாமதத்துக்கு மன்னியுங்கள். உங்கள் டிக்கெட் செவ்வாய்க்கிழமை. துபாயில் புறப்பாடு காலை 08.30. சென்னையில் இறங்குவது அதே செவ்வாய்க்கிழமை மதியம் 14.00. காகிதத்தில் ஐந்தரை மணி நேரம்போலத் தெரியும். பறப்பது நான்கு மணி நேரம்தான். விடியற்காலை நான்கரைக்கு ரூமை விட்டுக் கிளம்புங்கள். பெட்டி கட்டலாம். மாலை வெயில் இறங்கும்போது நாங்கள் மேம்பாலத்துக்குக் கீழே நிற்போம்.

இனி எனக்கு வரும் ஒவ்வொரு டிக்கெட்டையும் கடைசி வரிவரை படிப்பேன். கேட்டவரைக் காக்க வைக்க மாட்டேன். தவறு செய்தால் அன்றைக்கே அம்மாவிடம் சொல்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
விழுப்புரத்திலிருந்து,
நடுவில் உட்காரும் உங்கள் மகள்
பவித்ரா